கையொப்பமிடும் பெற்றோர்: பெங்களூரின் கிறித்தவ ஆண்கள் பள்ளிகளின் வரலாற்றிலிருந்து

2022 ஏப்ரலில் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனிலுள்ள கிளாரன்ஸ் உயர்நிலைப் பள்ளியின் சேர்க்கை விண்ணப்பம் நாடறிந்த செய்தியாயிற்று. பிள்ளை காலைக் கூட்டத்திலும் மறைநூல் வகுப்பிலும் பங்கேற்கும், விவிலியத்தையும் பாமாலை நூலையும் வைத்திருக்க மறுப்புச் சொல்லாது என்று பெற்றோர் உறுதியளிக்கும் பகுதி ஒன்று அதில் இருந்தது. இந்து ஜனஜாக்ருதி சமிதி எதிர்ப்புத் தெரிவித்தது. மாநில அரசு தலையிட்டது. தொலைக்காட்சிகளில் சில நாள்கள் விவாதம் நடந்தது. பள்ளி வற்புறுத்தியதா, இல்லையா என்பதே விவாதத்தின் மையம். அந்தப் பகுதியைப் படித்துவிட்டோ படிக்காமலோ கையொப்பமிட்ட பெற்றோர் விவாதத்தில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

கிளாரன்ஸ் இருபாலர் பள்ளி. ஆனால் அந்தக் கையொப்பத்தின் பின்னுள்ள வரலாறு இந்நகரின் பழைய ஆண்கள் பள்ளிகளில்தான் தெளிவாகத் தெரிகிறது. பாரிஸ் அயல்நாட்டு மறைபரப்புச் சபையின் பிரெஞ்சுக் குருக்கள் 1858இல் தொடங்கிய செயின்ட் ஜோசப் பள்ளி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் 1865ஆம் ஆண்டுப் பிஷப் காட்டன் பள்ளி, அமெரிக்க மெதடிஸ்டுகளின் 1880ஆம் ஆண்டுப் பால்ட்வின் பள்ளி ஆகிய மூன்றும் நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவுக்குள் நிற்கின்றன. மூன்றுக்கும் ஆண்டுதோறும் விண்ணப்பிக்கும் குடும்பங்களில் பெரும்பகுதி கிறித்தவரல்லாதவை. மென்பொருள் பொறியாளர்கள், மருத்துவர்கள், பழைய கண்டோன்மென்ட் வணிகக் குடும்பங்கள், தாமே அங்கு படித்த தந்தையர். இவர்களுடைய பிள்ளைகளுக்காக இப்பள்ளிகளில் ஒன்றுகூடத் தொடங்கப்படவில்லை. இதை மறந்துவிட்டால், மதம் சார்ந்த பள்ளியில் பெற்றோர் எதை ஏற்றார்கள், எதை ஒதுக்கினார்கள் என்ற கேள்வி இன்றைய அரசியலின் கேள்வியாக மட்டுமே தோன்றும். அதன் வயது நூற்றறுபது ஆண்டுக்கும் மேல்.

தொடக்கத்தில் கவலை வேறொரு பிள்ளையைப் பற்றியது. 1809இல் நிறுவப்பட்ட பெங்களூர்க் கண்டோன்மென்டில் ஐரோப்பியச் சிப்பாய்கள், ஓய்வுபெற்ற படைவீரர்கள், அவர்களுடைய இந்திய அல்லது கலப்பின மனைவியர், அவர்களுக்குப் பிறந்த குழந்தைகள் என்று ஒரு சமூகம் வளர்ந்திருந்தது. அக்காலத்தில் 'யூரேசியர்' என்று குறிக்கப்பட்ட இவர்களுக்கு 'ஆங்கிலோ-இந்தியர்' என்ற பெயர் அரசாவணங்களில் நிலைபெற்றது 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போதுதான். வசதியுள்ள ஆங்கிலேயர் தம் மகன்களைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டனர். அனுப்ப இயலாதவரின் பிள்ளைகள் தெருவில் நின்றனர். 1857க்குப் பிறகு இது அறக்கவலையாக மட்டும் இல்லாமல் ஆட்சிக் கவலையாகவும் மாறியது. ஆளும் இனத்தின் சாயலோடு கல்வியும் வேலையும் இல்லாமல் திரியும் ஒரு கூட்டம் ஆட்சிக்கே இழுக்காகும் என்ற அச்சம் தலைமை ஆளுநர் கானிங் 1860இல் எழுதிய குறிப்பில் வெளிப்படையாக இருக்கிறது.

அந்தக் குறிப்புக்குத் தூண்டுகோலாக இருந்தவர் கல்கத்தா ஆயர் ஜார்ஜ் எட்வர்டு லிஞ்ச் காட்டன். 1859இல் சிம்லாப் பகுதியில் இவ்வகையான முதல் பள்ளி எழுந்தது. பெங்களூரில் அதே திட்டத்தைக் கையிலெடுத்தவர் செயின்ட் மார்க் ஆலயக் குருவான சாமுவேல் தாமஸ் பெட்டிகுரு. ஐரோப்பியர், ஆங்கிலோ-இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்குக் கிறித்தவக் கல்வி அளிப்பதே நோக்கம் என்று அவர் சொன்னார். பள்ளி 1865 ஏப்ரல் 19 அன்று தொடங்கியது. அடுத்த ஆண்டு அக்டோபரில் வங்காளத்தின் குஷ்தியாவில் ஆற்றில் தவறி விழுந்து காட்டன் இறந்தார். அவர் பெயர் பள்ளிக்கு நிலைத்தது.

கிறித்தவப் பிள்ளைகளுக்கான பள்ளியில் 'கிறித்தவக் கல்வி' வேண்டும் என்று தனியாக ஏன் அழுத்திச் சொல்ல வேண்டும்? எந்தக் கிறித்தவம் என்பதே அன்றைய கேள்வி. கிழக்கிந்திய கம்பெனியின் ஐரோப்பியப் படையில் அயர்லாந்துக் கத்தோலிக்கர் கணிசமானோர். ஹென்றி லாரன்ஸ் 1847இல் சனாவரில் தொடங்கிய படைவீரர் குழந்தைகள் இல்லம் கத்தோலிக்கப் பிள்ளைகளைப் புராட்டஸ்டண்டுகளாக வளர்க்கிறது என்ற குற்றச்சாட்டு அந்நூற்றாண்டு முழுவதும் ஒலித்தது. மறுபக்கத்தில், கத்தோலிக்கத் துறவியர் நடத்திய கட்டணம் குறைந்த, தரமான பள்ளிகள் ஆங்கிலிக்கன் ஏழைகளின் பிள்ளைகளை ஈர்த்துவிடும் என்ற அச்சம் குருக்களின் கூட்டங்களில் திரும்பத் திரும்ப எழுந்தது. கண்டோன்மென்டின் தந்தை ஒருவர் செயின்ட் ஜோசப், காட்டன் இரண்டுக்கும் இடையே தயங்கியபோது அவர் எடைபோட்டது இன்று நாம் மதம் என்று சொல்லும் பொருளை அன்று. ஒரே மதத்துக்குள் இருந்த இரு திருச்சபைகளை. தாய் கத்தோலிக்கர், தந்தை ஆங்கிலிக்கன் என்ற கலப்பு மணங்களில் மகன் எந்தப் பள்ளிக்குப் போவான் என்பது அவன் எந்தக் கோயிலில் மணமுடிப்பான், எந்தக் கல்லறையில் புதைக்கப்படுவான் என்பதையும் பெரும்பாலும் முடிவு செய்தது. பள்ளியைத் தேர்வது அந்தக் குடும்பங்களுக்கு எளிய காரியமாக இருந்திருக்காது.

காட்டனின் வாழ்க்கையில் கவனிக்கத்தக்க மற்றொன்று உண்டு. இந்தியாவுக்கு வருமுன் அவர் தாமஸ் ஆர்னால்டின் கீழ் ரக்பி பள்ளியில் ஆசிரியர். பிறகு மார்ல்பரோ பள்ளித் தலைமையாசிரியர். ஆர்னால்டின் வரிசை பெயர்பெற்றது: முதலில் சமயமும் ஒழுக்கமும், அடுத்துப் பண்பாளனுக்குரிய நடத்தை, அதற்குப் பிறகே அறிவாற்றல். இந்த வரிசையை நடைமுறைப்படுத்தக் கண்ட கருவிகளே சிற்றாலய வழிபாடு, மூத்த மாணவர்களுக்குப் பொறுப்பளிக்கும் முறை, இல்லங்களாகப் பிரித்தல், விளையாட்டு மைதானம் ஆகியன. இவை பக்திக்கு வெளியே நின்ற நிர்வாக உத்திகள் அல்ல. மனிதன் பாவத்துக்கு எளிதில் ஆட்படுபவன், சிறுவன் இன்னும் எளிதில் ஆட்படுபவன், ஆகவே அவனுடைய நாளை இடைவெளியின்றி நிரப்ப வேண்டும் என்ற இறையியலிலிருந்து பிறந்தவை. இன்று 'ஒழுக்கத்துக்காகத்தான் இந்தப் பள்ளி, மதத்துக்காக அல்ல' என்று பெற்றோர் சொல்கையில், அந்த ஒழுக்கமே மதத்தின் வழிவந்தது என்பது அவர்கள் காதில் விழுவதில்லை. வலமும் சாயாதே, இடமும் சாயாதே என்ற பொருள்படும் காட்டன் பள்ளியின் இலத்தீன் குறிக்கோளுரைகூட யோசுவாவுக்குத் தரப்பட்ட விவிலியக் கட்டளையின் சாயலே. செயின்ட் ஜோசப்பின் குறிக்கோள் விசுவாசமும் உழைப்பும். அதில் இரண்டாவது சொல்லுக்காகக் கட்டணம் கட்டும் குடும்பங்கள் முதற்சொல்லையும் சேர்த்தே வீட்டுக்கு எடுத்துச் செல்கின்றன, சட்டைப்பையில் தைத்த சின்னமாக.

காட்டன் பள்ளியை 1871 முதல் சுமார் பத்தாண்டுகள் தலைமையேற்று நடத்தியவரைத் தமிழ் வாசகருக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவர் ஜி. யு. போப். சாயர்புரத்திலும் தஞ்சையிலும் மிஷன் பணியாற்றிய பின், உதகையில் ஐரோப்பியச் சிறுவருக்கான பள்ளி நடத்தி, பிறகு பெங்களூர் வந்தார். இந்த வரிசையில் ஒரு திருப்பம் உண்டு. தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கற்பித்த போப், வாழ்வின் நடுப்பகுதியில் இருபதாண்டுகளுக்கும் மேல் தமிழ்ப் பிள்ளைகளுக்காக அமையாத பள்ளிகளில் இருந்தார். அவருடைய திருக்குறள் மொழிபெயர்ப்பு (1886), நாலடியார் (1893), திருவாசகம் (1900) எல்லாம் இங்கிலாந்து திரும்பிய பிறகு வெளிவந்தவை. காட்டன் பள்ளி வளாகத்துக்கு வெளியே கண்டோன்மென்டின் தெருக்களில் தமிழே பெருமொழி. உள்ளே அம்மொழியின் ஆகச்சிறந்த மேலைப் புலவர்களுள் ஒருவர். இடையில் ஒரு மதில்.

மதிலுக்கு இப்பால் இருந்த இந்துப் பெற்றோரின் கதையை அறிய மதராசுக்குச் செல்ல வேண்டும். கண்டோன்மென்டின் தமிழ்க் குடும்பங்களில் பல அங்கிருந்தும் ஆற்காட்டுப் பகுதியிலிருந்தும் படையோடும் வணிகத்தோடும் வந்தவை. அச்சமும் அவற்றோடு சேர்ந்தே வந்தது. ஜான் ஆண்டர்சன் 1837இல் மதராசில் தொடங்கிய ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பள்ளி உயர்சாதி இந்துக் குடும்பங்களை விரைவாக ஈர்த்தது. 1841இல் அங்கு படித்த இளைஞர்கள் திருமுழுக்குப் பெற்றதும் பெற்றோர் பிள்ளைகளைத் திரளாக வெளியேற்றினர். 1842இல் பச்சையப்பன் அறக்கொடையிலிருந்து பள்ளி தொடங்கியதன் பின்னணியில் இந்த அதிர்ச்சிக்கும் பங்குண்டு. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் பள்ளியில் பயின்று, அங்கேயே கற்பித்து, பீட்டர் பெர்சிவலின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் பள்ளியின் பாடநூல், வினா-விடை முறை, அச்சகம் ஆகிய கருவிகளை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார், மாற்றியது உள்ளடக்கத்தை. 1889இல் மதராசில் தோன்றிய இந்து தியாலாஜிக்கல் பள்ளியும் இவ்வழியில் வந்ததே. மதம் சார்ந்த பள்ளிக்கு மாற்று மதமற்ற பள்ளி அன்று, தம் மதம் சார்ந்த பள்ளி என்பது இவர்களின் விடை. மைசூரில் 1953இல் தொடங்கிய ஸ்ரீராமகிருஷ்ண வித்யாசாலை என்னும் ஆண்கள் உறைவிடப் பள்ளியையும் இந்த மரபில் வைத்துப் பார்க்கலாம்.

பெங்களூரில் வேறு விடைகளும் இருந்தன. செயின்ட் ஜோசப் தொடங்கிய அதே 1858இல் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. 1875இல் அது சென்ட்ரல் கல்லூரியாயிற்று. கண்டோன்மென்டில் ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி இன்றும் ஆர்.பி.ஏ.என்.எம். என்ற எழுத்துகளால் அறியப்படுகிறது. போப் மதிலுக்குள் இருந்த அதே ஆண்டுகளில், மதிலுக்கு வெளியே ஒரு தமிழர் எழுப்பிய கல்விக்கூடம் அது. பெங்களூர்க் கல்வி வரலாறு எழுதுவோர் காட்டனுக்கும் ஜோசப்புக்கும் தரும் பக்கங்களில் பாதியையாவது அதற்குத் தருவதில்லை.

இங்கு ஒரு முரண் உண்டு. மிஷன் பள்ளி இந்துச் சிறுவனைத் தேடி வந்தது. ஆகவே அவன் பெற்றோர் அதை அஞ்சினர். ஐரோப்பியர் பள்ளியோ அவனை எதிர்பார்க்கவேயில்லை. அங்கு சமயக் கல்வியின் நோக்கம் ஏற்கெனவே கிறித்தவனாக இருப்பவனை அப்படியே காப்பது. மதமாற்றத்துக்கான முயற்சியே இல்லாத இடமானதால், இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இந்து மேட்டுக்குடியினருக்கு அது மிஷன் பள்ளியைவிடப் பாதுகாப்பாகத் தோன்றியிருக்க வேண்டும். சிற்றாலய மணியைக் கேட்டுவிட்டு மகன் இந்துவாகவே வீடு திரும்புவான். ஆங்கிலமும் தோரணையும் கூடுதலாக வரும். 1906இல் குடகின் மடிக்கேரியில் பிறந்த கோடந்தேரா திம்மய்யாவை அவர் குடும்பம் முதலில் குன்னூரின் கத்தோலிக்க அருட்சகோதரர் பள்ளிக்கும் பிறகு பிஷப் காட்டனுக்கும் அனுப்பியது. அங்கிருந்து டேராடூன் ராணுவக் கல்லூரிக்குச் சென்ற அவர் 1957இல் தரைப்படைத் தலைமைத் தளபதியானார். கத்தோலிக்கத்திலிருந்து ஆங்கிலிக்கனுக்கு மாறுவது 1865இன் பெற்றோருக்கு ஆன்மாவின் பிரச்சினை. காப்பித் தோட்டக் கொடவர் குடும்பத்துக்கு அது இரு பள்ளிகளுக்கு இடையிலான மாற்றம், அவ்வளவே. 1925இல் தும்கூர் மாவட்டத்தில் பிறந்த அணு இயற்பியலாளர் ராஜா ராமண்ணாவும் காட்டன் மாணவர். மேலை இசையில் அவருக்கிருந்த தேர்ச்சியையும் தத்துவத்தில் அவருக்கிருந்த ஈடுபாட்டையும் அருகருகே வைத்தால், இத்தகைய குடும்பங்கள் செய்த கணக்கு ஓரளவு புரியும்.

எல்லாக் குடும்பங்களுக்கும் அந்தக் கணக்கு கூடிவரவில்லை. 1904இல் செயின்ட் ஜோசப் நிறுவனத்தின் இந்தியர் பிரிவு தனிப் பள்ளியாயிற்று. அதன் பெயரிலேயே 'இந்தியன்' என்ற சொல் இன்றுவரை நிற்கிறது. ஒரே சபை, ஒரே புனிதர் பெயர், இரு வாயில்கள். கத்தோலிக்கத் தமிழர் ஒருவரின் மகன் தன் மதத்துக்குரிய பள்ளியிலும் இரண்டாம் வாயில் வழியாகவே நுழைந்தான். இவ்வகையில் திருமுழுக்கு அவனுக்குக் கொடுக்காததைச் சில பத்தாண்டுகள் கழித்து ஓர் இந்து அதிகாரியின் மகனுக்குச் சம்பளம் பெற்றுத் தந்தது. மதம் சார்ந்த பள்ளி என்ற சொற்றொடர் மறைத்துவிடுவது இதைத்தான்.

பெற்றோரின் ஒப்புதல் சட்டக் கேள்வியாக மாறியது தனிக்கதை. இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம், சமயப் பாடத்திலிருந்து பிள்ளையை விலக்கிக்கொள்ளும் உரிமையைப் பெற்றோருக்கு அளித்தது. அதே முடியரசின் கீழிருந்த இந்தியப் பெற்றோருக்கு அத்தகைய பொதுச் சட்டம் இல்லை. 1854ஆம் ஆண்டின் உட் அறிக்கை மானியம் தருவதில் சமய நடுநிலையை அறிவித்தது. மானியம் பெறும் பள்ளி என்ன சமயம் கற்பிக்கிறது என்பதில் அரசு தலையிடாது என்பதே அந்நடுநிலையின் நடைமுறைப் பொருள். 1910களில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி உள்ளிட்டோர் 'மனச்சான்று விதி' வேண்டுமென்று வாதிட்டபோது மிஷன் கல்வியாளர்களின் மறுமொழி எளிமையானது: விருப்பமில்லாதவர் வேறு பள்ளிக்குப் போகலாம். வேறு பள்ளி இல்லாத ஊர்களைப் பற்றி அந்த மறுமொழியில் ஒன்றும் இல்லை.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபை இதை விவாதித்தது. அதன் விளைவான 28(3)ஆம் உறுப்பு, அரசு அங்கீகாரமோ மானியமோ பெற்ற பள்ளியில் யாரையும் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ கட்டாயப்படுத்தக் கூடாது என்றும், மாணவர் வயது வராதவராயின் காப்பாளரின் ஒப்புதல் வேண்டும் என்றும் கூறுகிறது. 30(1)ஆம் உறுப்பு சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்விநிலையங்களை நிறுவி நடத்தும் உரிமையை அளிக்கிறது. ஒன்று பெற்றோரின் கையில் பேனாவைத் தருகிறது. மற்றது படிவத்தை அச்சிடும் உரிமையைப் பள்ளிக்குத் தருகிறது. ஆய்வாளர்கள் அதிகம் கவனிக்காத மூன்றாவது ஒன்றும் உண்டு. ஆங்கிலோ-இந்தியக் கல்விக்கான மானியத்தைப் பத்தாண்டுகளில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திய 337ஆம் உறுப்பு, அம்மானியம் வேண்டுமானால் ஆண்டுச் சேர்க்கையில் குறைந்தது 40 விழுக்காடு பிற சமூகத்தினருக்குத் திறந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. காட்டனும் பெட்டிகுருவும் நினைத்திராத பெற்றோருக்கு வாயிலைத் திறந்துவிட்டதில் அரசியலமைப்பின் இந்த ஒரு வரிக்குப் பங்குண்டு.

1954இல் பம்பாய் அரசு, ஆங்கிலோ-இந்தியரும் ஆசியரல்லாத வழிவந்தோரும் தவிர மற்றவர்களின் பிள்ளைகளை ஆங்கிலவழி வகுப்புகளில் சேர்க்கக் கூடாது என்று ஆணையிட்டது. தேவ்லாலியின் பார்ன்ஸ் பள்ளியை நடத்திய சங்கம் நீதிமன்றம் சென்றது. உடன் சென்ற தந்தையர் இருவர்: ஒருவர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகச் சொன்ன இந்தியக் கிறித்தவப் படை அதிகாரி, மற்றவர் குஜராத்தியைத் தாய்மொழியாகக் கொண்ட இந்து மருத்துவர். உச்ச நீதிமன்றம் ஆணையைச் செல்லாததாக்கியது. கிறித்தவப் பள்ளி ஒன்றின் உரிமையும் இந்துத் தந்தை ஒருவரின் விருப்பமும் ஒரே தட்டில் நின்ற வழக்கு அது. பின்னாளில் அவை எதிரெதிர்த் தட்டுகளுக்குப் போயின.

விடுதலைக்குப் பின் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் பிரிட்டனுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் பெருமளவில் குடிபெயர, வகுப்பறைகளின் சேர்க்கை மாறியது. கேம்பிரிட்ஜ் தேர்வுக்குப் பதிலாக 1958இல் உருவான தேர்வுக் கழகம், ஃபிராங்க் அந்தோனி போன்ற ஆங்கிலோ-இந்தியத் தலைவர்களின் முயற்சியில் பிறந்தது. இன்று 'ஐசிஎஸ்இ பாடத்திட்டம் வேண்டும்' என்று பள்ளி தேடும் பெற்றோர், தம்மையறியாமல், ஒரு சிறு கிறித்தவச் சமூகம் தன் பள்ளிகளைக் காத்துக்கொள்ள அமைத்த ஏற்பாட்டைத் தேடுகின்றனர். காட்டன் பள்ளி 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் கீழ் வந்தது. செயின்ட் ஜோசப்பை 1937இலேயே பிரெஞ்சுக் குருக்கள் இயேசு சபையிடம் ஒப்படைத்திருந்தனர்.

சமயப் பாடமும் மாறியது. கத்தோலிக்கப் பள்ளிகளில் கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வி, மற்றவருக்கு நீதிபோதனை என்ற பிரிப்பு வழக்கமாயிற்று. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட ஆவணங்களுள் ஒன்று பெற்றோரே பிள்ளைகளின் முதன்மை ஆசிரியர் என்றது. மற்றொன்று பிற சமயங்களை மதிப்போடு அணுகச் சொன்னது. 1973இல் இயேசு சபைத் தலைவர் பெத்ரோ அருப்பே, வாலன்சியாவில் கூடிய முன்னாள் மாணவர்களிடம், உங்களை நாங்கள் நீதிக்காகக் கல்வியூட்டினோமா என்று கேட்டு, இல்லை என்று தாமே விடையளித்தார். வசதி படைத்த பலருக்கு அது பிடிக்கவில்லை. பெங்களூரின் பள்ளிகளுக்கும் அது பொருந்தும் கேள்வி. மதம் சார்ந்த பள்ளி தன் மதத்தைத் தீவிரமாக எடுத்துக்கொண்டால் முதலில் சங்கடப்பட வேண்டியவர் பிற மதத்துப் பெற்றோர் அல்லர், கட்டணம் கட்ட முடிந்த பெற்றோர். விவிலியப் புத்தகத்தைப் பற்றிய தொலைக்காட்சி விவாதம் ஒன்றுகூட இப்பக்கம் திரும்பவில்லை.

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் அந்தக் கேள்வியைச் சட்டமாகவே முன்வைத்தது. மானியம் பெறாத தனியார் பள்ளிகளும் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும். சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது. 2012இல் உச்ச நீதிமன்றம் மானியம் பெறாத சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்களித்தது. 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு எல்லாச் சிறுபான்மைப் பள்ளிகளுக்கும் அவ்விலக்கை விரித்தது. அதே நாளில் அதே அமர்வு கர்நாடக அரசின் 1994ஆம் ஆண்டு மொழியாணையையும் செல்லாததாக்கியது: தொடக்கக் கல்வியின் பயிற்று மொழியைத் தேரும் உரிமை பிள்ளைக்கும் அதன் சார்பில் பெற்றோருக்கும் உரியது, அரசு தாய்மொழியைத் திணிக்கவியலாது. ஒரே காலைப் பொழுதில் பெற்றோரின் தெரிவு ஒரு வழக்கில் விரிந்தது. மற்றொன்றில், ஏழைப் பெற்றோரைப் பொறுத்தவரை, அது சுருங்கியது. இரண்டையும் சேர்த்துப் படித்த கட்டுரைகள் அரிது. மொழி ஆய்வாளர் ஒன்றையும் கல்வி ஆய்வாளர் மற்றதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டனர்.

கர்நாடக அரசும் தன் பங்கைச் செய்தது. 2019இல் விதிகளைத் திருத்தி, அருகில் அரசுப் பள்ளியோ மானியப் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளிகளில் ஒதுக்கீடு வேண்டியதில்லை என்றது. பெங்களூர் போன்ற நகரில் இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. ஆகவே பழியைச் சிறுபான்மை உரிமையின் மேல் மட்டும் சுமத்துவது நேர்மையாகாது. கிறித்தவமல்லாத விலையுயர்ந்த பள்ளிகளின் வாயிலும் ஏழைக்குப் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டது.

தேசியக் குழந்தை உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை, நாட்டின் கிறித்தவச் சிறுபான்மைப் பள்ளிகளில் பயில்வோரில் சுமார் 74 விழுக்காட்டினர் கிறித்தவரல்லாதவர் என்றது. சிறுபான்மைப் பள்ளிகள் அனைத்தையும் சேர்த்தால் நலிந்த பிரிவு மாணவர் 8.76 விழுக்காடு. இப்பள்ளிகளைச் சட்டத்துக்குள் கொண்டுவரப் பரிந்துரைக்கும் நோக்கம் அந்த அறிக்கைக்கு இருந்தது; எண்களை அந்நோக்கத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் இந்த இரண்டு எண்களும் அருகருகே நிற்கையில் 1904இன் இரு வாயில்கள் நினைவுக்கு வராமல் போகாது. சிவாஜிநகரிலோ பிரேசர் டவுனின் பின்தெருவிலோ வாழும் தமிழ்க் கிறித்தவக் கூலித் தொழிலாளி ஒருவருக்கு, மதம் சார்ந்த பள்ளி தன் மகனின் நம்பிக்கையை என்ன செய்யும் என்ற கவலை இல்லை. அது அவர் நம்பிக்கைதான். ஞாயிறு பூசையில் பங்குத்தந்தையிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கலாமா, கேட்டால் கட்டணத்தில் எவ்வளவு குறையும் என்பவையே அவருடைய கேள்விகள். பெயரளவில் அவருக்காகவே காக்கப்படும் 30ஆம் உறுப்பு அவருக்கு ஓர் இடத்தையும் உறுதி செய்வதில்லை.

வசதியுள்ள கிறித்தவரல்லாத பெற்றோரிடம் 28(3)ஆம் உறுப்பு இருக்கிறது, தாளில். அது ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒப்புதல் தர மறுத்தவரின் பிள்ளைக்கு இடம் மறுக்கும் தனியார் பள்ளியை என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. சேர்க்கைக்கு முன்பே வாங்கப்படும் கையொப்பம் ஒப்புதலா, நிபந்தனையா என்று பிரித்துப் பார்க்கும் வழியையும் அது காட்டவில்லை. 2022 விவாதத்தில் பள்ளிக்கு எதிராகப் பேசியோர் இந்த உறுப்பையும், ஆதரவாகப் பேசியோர் 30ஆம் உறுப்பையும் மேற்கோள் காட்டினர். இரண்டும் ஒரே படிவத்தில் ஒரே கோட்டின் மேல் சந்திக்கின்றன என்பதை இரு தரப்பும் தொடவில்லை.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பிரமதி தீர்ப்பு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அளித்த முழு விலக்கு சரியா என்ற ஐயத்தை எழுப்பி, அக்கேள்வியைப் பெரிய அமர்வு ஆராய வேண்டும் என்று தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அந்த ஐயம் 25 விழுக்காட்டு இடங்களைப் பற்றியது. காலைக் கூட்டத்தையும் படிவத்தின் உறுதிமொழியையும் பற்றி அதில் ஏதும் இல்லை.